கிணத்து மேட்டுக் காத்தாடி மறுபடி சுத்துமா? துரு ஏறிய காற்றாலையை மீட்பது எப்படி?

வேலூர், ஆம்பூர் பக்கம் பழைய நிலம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், அல்லது தாத்தா காலத்து நிலம் பாகப்பிரிவினையில் உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிணற்று ஓரத்தில் நாலுகால் இரும்புக் கோபுரம். உச்சியில் பாதி இறக்கை போன ஒரு சக்கரம். வால் தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. காத்து எவ்வளவு அடிச்சாலும் அசையாது. ஊரில் அதைக் 'காத்தாடி' என்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம், "அதை ஏன் வச்சிருக்கீங்க, காயலான் கடைக்குப் போடுங்க" என்பார்கள்.

போடலாம். இரும்பு எடைக்குக் காசு வரும். ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகை இயந்திரத்தில் பெரும்பாலும் எதுவும் முழுசாகச் செத்துப்போவதில்லை. இறுகிப் போனதை இளக்கலாம், தொலைந்துபோனதைச் செய்துகொள்ளலாம். ஆனால் தோல் பதனிடும் இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. காத்தாடி சுற்றத் தொடங்கினால், அது மேலே கொண்டுவரும் தண்ணீர் எப்படிப்பட்டது?

இது மின்சாரக் காற்றாலை இல்லையா?

இல்லை. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் நாம் பார்ப்பவை மூன்று நீண்ட இறக்கைகள் கொண்டவை. வேகமாகச் சுற்றி மின்சாரம் தருபவை. கிணற்றடிக் காத்தாடிக்கு பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு என்று நெருக்கமாக இறக்கைகள் இருக்கும். மெதுவாகத்தான் சுற்றும்; ஆனால் இழுவை அதிகம். கிணற்றுக்குள் இருக்கும் பிஸ்டனைத் தண்ணீரோடு சேர்த்துத் தூக்க அந்த இழுவைதான் தேவை. மணிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தாலே புறப்பட்டுவிடும்.

1854-ல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே என்பவர், காற்றுக்கு ஏற்பத் தானாகவே திரும்பி, புயல் வந்தால் தானாகவே அடங்கும் காற்றாலையைக் கொண்டுவந்தார். 1888-ல் சிகாகோவில் ஏர்மோட்டார் நிறுவனம் இரும்புத் தகட்டு இறக்கைகளோடு விற்பனையைத் தொடங்கியது. அதை வடிவமைத்த தாமஸ் பெர்ரி அதற்கு முன் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்திருந்தார். இன்று உலகம் முழுக்கப் பண்ணைகளில் நிற்கும் காத்தாடிகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் வாரிசுகள்தான்.

தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

இங்கே ஒரு சுவையான தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடுவதை இங்கே அறிமுகப்படுத்தியவர். அதே சாட்டர்டன்தான் கிணற்றுப் பாசனத்துக்குக் காற்றாலை உதவுமா என்றும் சோதித்துப் பார்த்தார். பிறகு எண்ணெய் என்ஜின் பம்புகளின் பக்கம் போய்விட்டார். பாலாற்றங்கரையின் தலையெழுத்தை மாற்றிய குரோமும், அந்தக் கரைக் கிணறுகளுக்கான காத்தாடி யோசனையும் ஒரே மேசையில் இருந்தன என்பது இன்று நினைத்தால் வினோதமாக இருக்கிறது.

அதற்கு முன்பு நம் ஊர்க் கிணறுகளில் மாடு கட்டி இறைக்கும் கவலை இருந்தது. அந்தச் சாலுக்கு அடியில் தொங்கும் தோல் வாலையும் இந்த வட்டாரத் தோல்தான் தந்தது.

1960-களில் பெங்களூருவின் தேசிய விமானவியல் ஆய்வகம் டபிள்யூ.பி.-2 என்ற நீரிறைக்கும் காற்றாலையை உருவாக்கியது. பின்னர் 1980-களில் மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறை '12 பி.யூ. 500' என்ற மாதிரியைப் பல மாநிலங்களில் நிறுவியது. பன்னிரண்டு இறக்கை, ஐந்து மீட்டர் விட்டம். பெயரிலேயே அளவு இருக்கிறது. ஆரோவில்லின் ஆரேகா பட்டறை ஏ.வி.-55 என்ற பல இறக்கைக் காற்றாலையைச் செய்தது. 2000-களில் மத்திய அரசு மானியமே மூன்று வகையாக இருந்தது: பல்சக்கரம் இல்லாததற்கு 20,000 ரூபாய் வரை, பல்சக்கர வகைக்கு 30,000 வரை, ஆரோவில் மாதிரிக்கு 45,000 வரை.

பிறகு ஏன் கைவிட்டார்கள்?

இரண்டு காரணங்கள் முக்கியமானவை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். பட்டனைத் தட்டினால் தண்ணீர் கொட்டும்போது, காத்துக்காக யார் காத்திருப்பார்கள்? இரண்டாவது காரணம் நிலத்தடி நீர் கீழே போனது. திறந்தவெளிக் கிணற்றில் பத்துப் பதினைந்து மீட்டரில் இருந்த தண்ணீர் போய், பல நூறு அடி ஆழ்துளைக் கிணறு வந்தது. அந்த ஆழத்திலிருந்து இழுக்க இந்தக் காத்தாடியால் முடியாது.

கைவிட்ட பிறகு நடந்தது எளிது. வருடம் ஒருமுறை மாற்ற வேண்டிய எண்ணெயை யாரும் மாற்றவில்லை. மேல்மூடி காற்றில் பறந்தது. மழைத் தண்ணீர் பல்சக்கரப் பெட்டிக்குள் இறங்கியது. அவ்வளவுதான், எல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மேலே ஏறாதீர்கள். முதலில் கீழே பாருங்கள். கோபுரத்தின் நான்கு கால்களும் மண்ணைத் தொடும் இடத்தில் அரை அடி தோண்டிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் இரும்பு, மண்ணுக்குள் காகிதமாக இருக்கும். கால் போயிருந்தால் அதைச் சரிசெய்யாமல் யாரையும் ஏற்றக் கூடாது. குறுக்குக் கம்பிகள், போல்ட்டுகள், ஏணிப்படி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அருகில் மின்கம்பி போகிறதா, உச்சியில் குளவிக்கூடோ மலைத்தேனீயோ இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

காத்தாடி இறுகி நிற்கிறது என்று நம்பி ஏறுவதுதான் பெரிய ஆபத்து. பல ஆண்டுகள் அசையாதது, நீங்கள் ஒரு போல்ட்டைத் தளர்த்தியதும் சுற்றத் தொடங்கலாம். காற்றில்லாத காலை நேரத்தில், இடுப்புப் பட்டையோடு ஏறி, முதல் வேலையாகச் சக்கரத்தைக் கோபுரத்தோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும். தலைப்பகுதி சில நூறு கிலோ எடை வரும். அதை இறக்க செயின் பிளாக்கோ கிரேனோ வேண்டும். கூடவே அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும். ஆள்பலம் மட்டும் போதாது.

இறுகியிருப்பது மேலேயா, கீழேயா?

நிறையப் பேர் தவறவிடும் இடம் இது. சக்கரம் சுற்றவில்லை என்றால் கோளாறு மேலேதான் என்று நினைத்து, கஷ்டப்பட்டுத் தலையை இறக்கிவிடுவார்கள். உண்மையில் கிணற்றுக்குள் பிஸ்டன் உருளையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் முதலில் கோபுரத்தின் அடியில், மேலிருந்து வரும் தண்டையும் பம்புக் கம்பியையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். இப்போது சக்கரம் கையால் அசைந்தால் நோய் கிணற்றுக்குள். அசையவில்லை என்றால் நோய் தலையில்.

தலையில் இறுகக்கூடிய இடங்கள் நான்கு: சக்கரத்தின் முக்கிய அச்சு, பல்சக்கரங்கள், வால் திரும்பும் கீல், காற்றுக்கு ஏற்பத் தலை முழுவதும் திரும்பும் அடித்தட்டு. நான்கையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அச்சு சுற்றி, அடித்தட்டு மட்டும் இறுகியிருந்தால் காத்தாடி ஒரே திசைக் காற்றுக்குத்தான் வேலை செய்யும்.

துருவை இளக்குவது எப்படி?

பொறுமையால்தான். துருவை இளக்கும் ஸ்பிரே கடையில் கிடைக்கும். கிராமத்துப் பட்டறையில் மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றுவார்கள். காலையில் ஊற்றி மாலையில் தட்டினால் போதாது. தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் ஊற்ற வேண்டும். நடுநடுவே மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால், அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். அசையத் தொடங்கியதும் ஒரே பக்கம் திருப்பாமல் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. முதலாவது, சம்மட்டியால் நேரடியாக அடிப்பது. தலைப்பெட்டி வார்ப்பிரும்பு, அது வளையாது, விரிசல் விடும். விரிசல் விட்ட வார்ப்பை ஒட்டவைக்கலாம், ஆனால் சாதாரண வெல்டிங்கில் அது நிற்காது. இரண்டாவது, எல்லா இடத்திலும் கேஸ் விளக்கு வைத்துச் சூடாக்குவது. பழைய தலைகளில் அச்சைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, ஈயம் போன்ற வெள்ளை உலோகம் ஊற்றிய புஷ். சுமார் 240 டிகிரி செல்சியஸிலேயே அது உருகத் தொடங்கும். நட்டைக் கழற்றப் போய் பேரிங்கையே உருக்கிவிட்ட கதையாகிவிடும்.

காணாமல் போன பாகங்களை எங்கே தேடுவது?

முதலில் இயந்திரத்தின் குலம் கோத்திரத்தைக் கண்டுபிடியுங்கள். தலைப்பெட்டியின் வார்ப்பில் எண்ணோ எழுத்தோ இருக்கும். கம்பித்தூரிகையால் தேய்த்தால் தெரியும். ஏர்மோட்டார் என்றால் 602, 702 போன்ற மாதிரி எண்கள். 702 என்பது 1933-ல் வந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் அதற்கு இன்றும் உதிரிபாகம் செய்கிறார்கள். அங்கிருந்து வரவழைப்பது செலவான காரியம். எனவே எதை இங்கேயே செய்யலாம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

*இறக்கை:* மிச்சமிருக்கும் நல்ல இறக்கை ஒன்றே அச்சு. அட்டையில் அதன் வளைவை வரைந்து, அதே கனத்தில் கால்வனைஸ் தகட்டில் வெட்டி வளைக்கலாம். வேலூர், ராணிப்பேட்டை பக்கத் தகட்டுப் பட்டறைகளில் முடிகிற வேலைதான். ஒவ்வொரு இறக்கையும் ஒரே எடையில் இருக்க வேண்டும். எடை மாறினால் சக்கரம் ஆடும். அந்த ஆட்டம் அச்சைத் தின்னும்.

*பல்சக்கரம்:* பல தலைகளில் இடமும் வலமுமாக ஜோடிச் சக்கரங்கள் இருக்கும். ஒன்று உடைந்திருந்தாலும் மற்றது மாதிரியாகும். வார்ப்புப் பட்டறையில் வார்த்து, லேத்தில் கடைந்து, பல் வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக மாற்றாமல் ஜோடியாக மாற்றுவது நல்லது.

*வாலும் ஸ்பிரிங்கும்:* வால் என்பது அழகுக்கு அல்ல; அதுதான் பிரேக். காற்று கூடினால் சக்கரம் பக்கவாட்டில் ஒதுங்கி அடங்குவதற்கு வாலும் அதன் ஸ்பிரிங்கும்தான் காரணம். 2016 டிசம்பர் 12-ல் சென்னையில் கரையைக் கடந்த வர்தா போன்ற புயல் வரும்போது, வாலை மடக்க முடியாத காத்தாடி தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். வாலும், கீழிருந்து அதை மடக்கும் கம்பியும் தயாராகாமல் சக்கரத்தை அவிழ்த்துவிடாதீர்கள்.

*மரத்தண்டு:* தலையையும் பம்பையும் இணைக்கும் தண்டின் மேல்பகுதி பழைய காத்தாடிகளில் மரமாக இருக்கும். "மரம் எதுக்கு, இரும்புப் பைப் போட்டுடலாம்" என்று தோன்றும். போடாதீர்கள். பம்பு இறுகினால் முதலில் உடைவதற்காகவே அந்த மரம் வைக்கப்பட்டிருக்கிறது. மரம் உடைந்தால் செலவு குறைவு. அது உடையாவிட்டால் பல்சக்கரம் உடையும்.

ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த பாகம் எது?

வாஷர். கிணற்றுக்குள் இருக்கும் உருளையில் பிஸ்டனைச் சுற்றி, கிண்ணம் போன்ற தோல் வாஷர் ஒன்று இருக்கும். பிஸ்டன் மேலே போகும்போது தண்ணீரின் எடையே அந்தக் கிண்ணத்தின் விளிம்பை உருளைச் சுவரோடு அழுத்தும், கசிவு நிற்கும். ஊருக்கு ஊர் இருந்த இந்தியா மார்க்-2 கைப்பம்பிலும் முதலில் தோல் வாஷர்தான். பிறகுதான் ரப்பர் வந்தது.

எந்தத் தோலும் இதற்கு ஆகாது. ஷூ மேல்பகுதிக்கான குரோம் தோல் மெத்தென்று இருக்கும். வளைத்த வடிவத்தைப் பிடித்து வைக்காது. மரப்பட்டையில் பதனிட்ட தடித்த தோல் வேண்டும். அதை நனைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஆவாரம்பட்டையில் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று புவிசார் குறியீடும் பெற்றது. குரோம் வந்து ஓரம் கட்டிய அதே தோல்தான் காத்தாடிக்குப் பொருத்தம்.

அச்சில் காய்ந்த வாஷரை விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டலாம். கிண்ணத்தின் வாய் மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சொட்டுத் தண்ணீர் வராது. நாள்கணக்கில் ஓடாமல் நின்றால் தோல் காய்ந்து சுருங்கும். மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு ஓட்ட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருளையின் விட்டம் 7.5 செ.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 20 செ.மீ. ஒரு இழுப்புக்குச் சுமார் 0.9 லிட்டர். மூன்று மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நடுத்தரக் காற்றில் நிமிடத்துக்கு 15 இழுப்பு இழுத்தால், மணிக்கு 800 லிட்டர். கசிவு போக 700 என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மணி நேரம் காற்று கிடைத்தால் 7,000 லிட்டர்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கவே சுமார் 4,000 லிட்டர் வேண்டும். வெயில் காலத்தில் பயிருக்கு நாளொன்றுக்கு ஐந்து மி.மீ. தேவைப்பட்டால், இந்தத் தண்ணீர் மூன்றில் ஒரு ஏக்கருக்குத்தான். நெல்லுக்கு ஆகாது. ஆனால் சொட்டுநீரில் மரத்துக்கு 80 லிட்டர் கொடுத்தால் எண்பது தென்னைக்கு மேல் தாங்கும். மாட்டுத் தொட்டி, காய்கறிப் பாத்தி, நாற்றங்கால் ஆகியவற்றுக்குத் தாராளம்.

இதுவும் தண்ணீர் பதினைந்து மீட்டருக்குள் இருந்தால்தான். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். வினாடிக்கு நான்கு மீட்டரிலிருந்து மூன்று மீட்டராகக் குறைந்தாலே சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். வேலூர் வட்டாரம் ஆரல்வாய்மொழி போலக் கணவாய்க் காற்று உள்ள இடம் அல்ல. மரங்கள் வளர்ந்து, கட்டடங்கள் வந்து கோபுரத்தை மறைத்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டி ஒன்று கட்டாயம்; காற்று அடிக்கும்போது சேர்த்து வைத்தால்தான் தேவைப்படும்போது எடுக்க முடியும்.

தண்ணீரைச் சோதிக்காமல் தொடங்கலாமா?

இந்த வட்டாரத்தில் கூடவே கூடாது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கு அதில் பதிவானது. 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30-லும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-ல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. மாவட்ட எல்லை மாறியது, கிணற்று நீர் அப்படியே இருக்கிறது.

குரோமியம் என்றுதான் எல்லோரும் பயப்படுவோம். பயம் நியாயமானதுதான், குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆனால் பயிருக்கு அன்றாட எதிரி உப்பு. தோல் கெடாமலிருக்கப் போடும் கறியுப்பு கழுவும்போது தண்ணீரோடு போய் நிலத்தில் இறங்குகிறது. கரைந்த உப்புகளின் அளவு குடிநீரில் லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. பயிருக்கு வேறு அளவுகள் உண்டு. தென்னை ஓரளவு தாங்கும், அவரையும் பீன்ஸும் தாங்காது.

அந்த உப்பு காத்தாடியையும் விடாது. இரும்புக் குழாய், பித்தளை உருளை இரண்டும் உப்பு நீரில் சேர்ந்திருந்தால் இரும்பு வேகமாக அரிக்கும். அப்படிப்பட்ட கிணற்றில் பிளாஸ்டிக் குழாயும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போடுவதே சரி.

எனவே வரிசை இதுதான்: முதலில் கிணற்று நீர்மட்டத்தை அளங்கள், கோடைக் கடைசியில். பிறகு தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். பிறகு கோபுரக் கால். அதற்கப்புறம்தான் எண்ணெய்ப் பாட்டில்.

சோலார் பம்பே வாங்கிவிடலாமே?

வாங்கலாம். ஆழம் அதிகம் என்றாலோ, காற்று குறைவு என்றாலோ, அதுதான் புத்திசாலித்தனம். புதிதாக ஒரு காற்றாலை வாங்க வேண்டுமா என்று கேட்டால் பெரும்பாலான கிணறுகளுக்கு 'வேண்டாம்' என்பதே பதில். ஆனால் ஏற்கெனவே நிற்கும் காத்தாடி என்பது வேறு கணக்கு. கோபுரம் உறுதியாக, தண்ணீர் ஆழமில்லாமல், உப்பு தாங்கும் அளவில் இருந்தால், செலவு பெரும்பாலும் கூலிதான். மீட்டுவிட்டால் அதற்குத் தேவை வருடம் ஒருமுறை எண்ணெய், இரண்டொரு வருடத்துக்கு ஒரு வாஷர்.

தண்ணீர் தேறவில்லை என்று சோதனை சொன்னால் மனசு கஷ்டப்படத்தான் செய்யும். அப்போதும் அவசரப்பட்டு எடைக்குப் போட வேண்டாம். பக்கத்து ஊரில் நல்ல தண்ணீர் உள்ள கிணற்றுக்கு அந்தத் தலையைக் கொண்டுபோகலாம். போல்ட் போட்டுக் கட்டிய இயந்திரம்தான், கழற்றி மாட்ட முடியும். காத்தாடி போகும் இடத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் காத்தாடியைக் கொண்டுபோக முடியும்.